காசிமாயன் மாமாவின் வெப்சைட்டில் பிளஸ் டூ ரிசல்ட்

புதிதாக ஒரு வித்தையைக் கற்றுக்கொண்டவர்களிடமிருந்து சொந்தக்காரர்களைக் காப்பாற்ற இந்த நாட்டில் எந்தச் சட்டமும் இல்லை. ஹோமியோபதி படித்தவன் முதல் உருண்டையைப் பெற்ற தாய்க்குத்தான் கொடுக்கிறான். கார் ஓட்டப் பழகியவன் மச்சினனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டுதான் முதல் சுவரை இடிக்கிறான். நான் வெப்சைட் செய்யக் கற்றுக்கொண்டேன். எனக்கு அகப்பட்டவர் காசிமாயன் மாமா.

மாமா என் அம்மாவுக்கு உடன்பிறந்த அண்ணன். உசிலம்பட்டியில் பேரையூர் போகிற ரோட்டில் பட்டறை வைத்திருந்தார். மாட்டுக்குத் தட்டை வெட்டும் மெஷின் செய்வது தொழில். (மாடு வளர்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை: சோளத்தட்டையை முழுசாகப் போட்டால் மாடு இலையைத் தின்றுவிட்டுத் தண்டை மிதித்து வீணாக்கும். சின்னச் சின்னதாக வெட்டிப் போட்டால் மிச்சமில்லாமல் தின்னும். வெட்டித் தருவதுதான் இந்த மெஷின்.) மாமா செய்த மெஷின் கனத்த இரும்பு, ஆயுசுக்கும் உழைக்கும். ஆனால் அது வடக்கேயிருந்து லேசான தகரத்தில், பளபள பெயின்டில், விலை மலிவான மெஷின்கள் லாரி லாரியாக வந்து இறங்கிய காலம். பட்டறையில் வேலை பார்த்தவர்கள் மத்தியானத்துக்கு மேல் வேலையில்லாமல் வாசல் வேப்பமரத்தடியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். மாமா அதைப் பார்க்காத மாதிரி நடப்பார். பார்க்காத மாதிரி நடக்க மாமாவுக்கு வராது.

நான் அப்போதுதான் எம்.சி.ஏ. முடித்திருந்தேன். நாகமலை புதுக்கோட்டையில் ஒரு பிரவுசிங் சென்டரின் பின்னறையை வாடகைக்கு எடுத்து, 'பாண்டிச்செல்வி, வெப் டிசைனர்' என்று பலகை மாட்டி உட்கார்ந்திருந்தேன். பலகையைப் பார்த்து உள்ளே வந்தவர்களில் பாதிப் பேர் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள், மீதிப் பேர் பாத்ரூம் எங்கே என்று கேட்க வந்தவர்கள். அப்பா பேங்க் பரீட்சைக்கான புத்தகத்தை என் தலையணைக்குப் பக்கத்தில் தினமும் ஒழுங்காக எடுத்துவைத்தார்.

ஒரு நாள் மாமா வந்து நின்றார்.

"ஏத்தா, கம்ப்யூட்டர்ல என்னமோ கடை போட்டுத் தர்றியாமே. நமக்கும் ஒண்ணு போட்டுக் குடு. ஒலகத்துல இருக்குற மாடு அம்புட்டும் நம்ம மெஷின்ல வெட்டுன தட்டையத்தான் திங்கணும்."

போட்டுக் கொடுத்தேன். அது எப்பேர்ப்பட்ட தளம் என்று சொன்னால்தான் என் அன்றைய திறமை விளங்கும். முகப்பில் ஒரு மாடு வாலை ஆட்டிக்கொண்டே இருக்கும். மேலே 'தங்கள் வரவு நல்வரவாகுக' என்ற வாசகம் வலமிருந்து இடமாக ஓடும், போய்விட்டது என்று நினைக்கும்போது திரும்பி வரும். நடுவில் மாமாவின் படம். வேறு நல்ல படம் கிடைக்காததால், ஏதோ கடைத் திறப்பு விழாவில் மாலையோடு எடுத்ததை வட்டமாக வெட்டி ஒட்டியிருந்தேன். (துபாயிலிருந்து தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, அத்தைக்கு போன் போட்டு அழுதார். "சாகலப்பா, இந்தா சோறு தின்னுக்கிட்டிருக்காரு" என்று சொல்லி மாமாவிடம் போனைக் கொடுக்க வேண்டியதாயிற்று.) எல்லாவற்றுக்கும் அடியில், எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்று காட்டும் கவுண்டர், ஆட்டோ மீட்டர் மாதிரி.

கவுண்டர் ஓடவில்லை. நானும் மாமாவும் மாறி மாறிப் பார்த்ததில் நகர்ந்ததுதான். தேடுதளத்தில் தட்டை வெட்டும் மெஷின் என்று ஆங்கிலத்தில் அடித்தால் பஞ்சாப்காரர் வந்தார், சீனாக்காரர் வந்தார், உசிலம்பட்டி மட்டும் வரவில்லை.

அப்போதுதான் இணையத்தில் வெப்சைட் செய்பவர்கள் கூடிப் பேசும் ஓர் அரட்டைக் களம் கண்ணில் பட்டது. அங்கே ஒரு அமெரிக்கர் பெரிய ஞானியாக விளங்கினார். தேடுதளம் என்பது ஒரு மெஷின், அதற்கு எழுத்து மட்டும்தான் தெரியும், நிறம் தெரியாது. ஆகவே மக்கள் அதிகம் தேடுகிற சொற்களையெல்லாம் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகப் பக்கத்தின் அடியில் நிரப்பிவைத்தால், பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாது, தேடுதளம் மட்டும் படித்துவிட்டு உன் தளத்தைத் தூக்கி மேலே வைக்கும் என்றார். படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. எம்.சி.ஏ.வில் இதைச் சொல்லித் தராமல் விட்டுவிட்டார்களே என்று பேராசிரியர்கள் மேல் கோபம்கூட வந்தது.

மக்கள் எதைத் தேடுகிறார்கள் என்று கண்டுபிடிப்பது எனக்குச் சுலபம். பிரவுசிங் சென்டரில் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் முந்தைய ஆள் என்ன தேடினார் என்பது அப்படியே இருக்கும். போய்ப் பார்த்து, இருந்ததையெல்லாம் ஒன்று விடாமல் ஆங்கில எழுத்தில் அடித்து, வெள்ளையடித்து, மாட்டின் காலடியில் புதைத்துவைத்தேன்.

சில வாரங்களில் கவுண்டர் சுற்ற ஆரம்பித்தது. பிறகு பறந்தது. மாமா பட்டறையில் கம்ப்யூட்டர் வாங்கிவைத்து, காலையில் இன்டர்நெட்டைப் போட்டால் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருப்பார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்.

"பாத்தியா மாப்ள? நீ டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள எம்புட்டுப் பேரு வந்து போயிட்டான் பாரு. ஒன் கடைக்கு வருவானா இம்புட்டுப் பேரு?"

வந்தவர்களில் ஒருவர்கூட ஏன் மெஷின் கேட்கவில்லை என்ற கேள்வி எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. (அந்தக் காலத்து இன்டர்நெட் போன் லைனில் ஓடியது. மாமா நாள் முழுக்கக் கவுண்டரைப் பார்த்ததால் பட்டறை போன் நாள் முழுக்க எங்கேஜ்டு. நிஜமாகவே மெஷின் வேண்டியவர்கள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பக்கத்து ஊருக்குப் போய் வடக்கத்தி மெஷினை வாங்கிக்கொண்டிருந்தார்கள். இதையும் நாங்கள் யோசிக்கவில்லை.) மாமா வேறொன்று யோசித்தார். இத்தனை பேர் வந்து பார்க்கிறார்கள் என்றால் சீக்கிரமே ஆர்டர் குவியும், அப்போது கையில் சரக்கு இல்லை என்று சொல்லக்கூடாது. பட்டறை முழு வேகத்தில் ஓடியது. ஷெட் நிறைந்து, வேப்பமரத்தடி நிறைந்து, அத்தை துணி காயப்போடும் இடத்திலும் மெஷின்கள் வந்து நின்றன.

பிறகு பிளஸ் டூ ரிசல்ட் வந்தது.

அன்று காலை உசிலம்பட்டியில் கரண்ட் இல்லை. கம்ப்யூட்டர் அணைந்து கிடந்ததால் பட்டறை போனுக்கு உயிர் வந்திருந்தது. நான் மாமாவைப் பார்க்கப் போயிருந்தேன். மணி அடித்தது. மாமா எடுத்தார்.

"ஆமா, காசிமாயன்தான். சொல்லுங்க. என்னது, நம்பரா? சரி சொல்லுங்க." கொஞ்ச நேரம் கேட்டார். முகத்தில் ஒரு குழப்பம் வந்தது, பிறகு தெளிவு வந்தது. "பாஸு. ஆமா, எல்லாப் பாடத்துலயும்தான். வச்சிருங்க."

வைத்ததும் மறுபடி அடித்தது. "நம்பரச் சொல்லு தாயி. பாஸு. அழாத, அதான் பாஸுன்னு சொல்லிட்டேன்ல."

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. ரிசல்ட் போடுகிற தளங்கள் கூட்டம் தாங்காமல் படுத்துவிட்டிருந்தன. தேடிப் பார்த்தவர்கள், நான் புதைத்துவைத்த 'பிளஸ் டூ ரிசல்ட்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு மாமாவின் தளத்துக்கு வந்து, வாலாட்டும் மாட்டையும் தாண்டி, தொடர்புக்கு என்று இருந்த நம்பரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, என்ன பண்றீங்க? உங்களுக்கு எப்படித் தெரியும் பாஸுன்னு?"

"பெத்தவுக பதறிப்போயிக் கேக்குறாக. ஃபெயிலுன்னா சொல்லச் சொல்ற?"

"தெரியாதுன்னு சொல்லலாம்ல."

"இம்புட்டுப் பேரு நம்பி போன் போடுறாங்க. தெரியாதுன்னு சொன்னா கம்பெனி பேரு என்னாகும்?"

கரண்ட் வரும் வரைக்கும் தென் மாவட்டங்களில் ஒரு பிள்ளை ஃபெயில் ஆகவில்லை. பேரையூரிலிருந்து ஒருவர் சாயங்காலமே அல்வா வாங்கிக்கொண்டு வந்து மாமாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். நான் ராத்திரி அங்கேயே தங்கிவிட்டேன்; மறுநாள் மாமா கம்ப்யூட்டரைப் போடுமுன் இன்னொருவர் கூப்பிட்டார். நீங்க பாஸுன்னீங்க, பள்ளிக்கூடத்துல பிசிக்ஸ் போயிருச்சுங்கிறாங்க, மறுகூட்டலுக்கு உங்ககிட்டத்தான் எழுதிப் போடணுமா என்று கேட்டார். மாமா போனை என்னிடம் நீட்டினார். அதற்கான பதில் எம்.சி.ஏ.வில் இல்லை.

இந்த இடத்திலாவது நான் விழித்திருக்க வேண்டும். நானோ, என் வெள்ளை எழுத்து எவ்வளவு வேலை செய்கிறது பார் என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டேன்.

சில மாதம் கழித்து மாமா உற்சாகமாக போன் செய்தார். பால் பண்ணை வைத்திருப்பவர்கள் பலர் சேர்ந்து மொத்தமாக மெஷின் வாங்கப்போகிறார்களாம். அவர்களுக்கு யோசனை சொல்பவர் ஒரு ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர். அவர் நேரில் வருகிறார். அவர் சரியென்று தலையாட்டினால் ஷெட்டில் கிடக்கும் அத்தனையும் போய்விடும்.

"நீ வந்துரு தாயி. டாக்டர் படிச்சவரு. நம்ம சைட்டக் காட்டணும்."

"இந்தா வாரேன் மாமா," என்று பஸ் ஏறினேன்.

டாக்டர் ஒல்லியானவர். குரலை உயர்த்தாதவர். மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார், பிளேடைத் தட்டிப் பார்த்தார், ஒரு கட்டுத் தட்டையை விட்டு வெட்டச் சொன்னார். அவர் முகத்தில் திருப்தி தெரிந்தது. மாமா அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"டாக்டரய்யா, நம்மளுக்கு வெப்சைட்டு இருக்கு. ஒலகம் பூரா பாக்குறான். ஏத்தா, பேரப் போட்டுத் தேடிக் காட்டு. மொத ஆளா நாமதான் வருவோம்."

தேடுதளத்தில் மாமாவின் பெயரை அடித்தேன். ஏதோ ஊர்க் கோயில் கும்பாபிஷேகம் வந்தது. பட்டறையின் பெயரை முழுசாக அடித்தேன். கோயம்புத்தூரில் யாரோ வந்தார்கள். தட்டை வெட்டும் மெஷின் என்று அடித்தேன். பஞ்சாப்காரர் பத்திரமாக இருந்தார். மாமா எங்கேயும் இல்லை. முந்தின வாரம் வரை முதல் பக்கத்தில் இருந்தவரைச் சுவடே இல்லாமல் துடைத்துப்போட்டிருந்தார்கள்.

"நெட்டு ஸ்லோ சார்," என்றேன். (நெட் அன்று அதிசயமாக வேகமாக இருந்தது.)

"பரவாயில்லம்மா. நேரா அட்ரஸ் போட்டுத் தெற."

திறந்தேன். மாடு வாலாட்டியது. டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, மெஷினின் அளவுகளைத் தன் அறிக்கைக்குக் காப்பி எடுத்துக்கொள்வதாகச் சொல்லி மௌஸைப் பிடித்தார். மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்தார்.

மௌஸால் இழுத்துத் தேர்வு செய்தால் பக்கம் நீலமாகும், அதில் வெள்ளை எழுத்து பளிச்சென்று தெரியும். அமெரிக்க ஞானி இதைச் சொல்லவில்லை.

டாக்டர் மருந்துச் சீட்டு வாசிக்கிற குரலில் வாசித்தார். "பிளஸ் டூ ரிசல்ட். லாட்டரி ரிசல்ட். ரயில் டைம் டேபிள். ஜாதகப் பொருத்தம். நடிகை கவர்ச்சிப் படம். நடிகை கவர்ச்சிப் படம். நடிகை கவர்ச்சிப் படம்." நிறுத்திக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "தட்டை வெட்டும் மெஷின். நடிகை கவர்ச்சிப் படம்."

டீ கொண்டுவந்த அத்தை நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.

"என்னத்தா இது?" என்றார் மாமா.

"தேடுறவங்களுக்காகப் போட்டது மாமா."

"யாரு தேடுனா?" என்று அத்தை கேட்டார். என்னைப் பார்த்து அல்ல, மாமாவைப் பார்த்து.

டாக்டர் எழுந்துகொண்டார். கோபமே இல்லை. அதுதான் கொடுமை. "பிளேடு நல்ல இரும்புன்னு எழுதியிருக்கீங்க. அது கண்ணுக்குத் தெரியிற எடத்துல. தெரியாத எடத்துல இது. மெஷின் உள்ள என்ன இருக்குன்னு நான் எப்படிம்மா நம்புறது?" என்று மட்டும் கேட்டுவிட்டு, டீயைக்கூடத் தொடாமல் போய்விட்டார்.

மாமா என்னைத் திட்டவில்லை. ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டு, ஷெட்டுக்குப் போய் மெஷின்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். நான் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து செக்கானூரணி வரைக்கும் அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மாள் எனக்கு யாரோ இறந்துவிட்டதாக நினைத்து வாழைப்பழம் கொடுத்தார். வேண்டாமென்று சொல்லத் தெம்பில்லாமல் தின்றேன். அத்தை அந்த வாரம் முழுவதும் மாமாவிடம் பேசவில்லை என்று அம்மா சொன்னார். லாட்டரியையும் ரயிலையும் மன்னித்துவிட்டாராம், மற்றதை மன்னிக்க முடியவில்லையாம்.

மறுநாள் அரட்டைக் களத்துக்குப் போனேன். அங்கே இழவு வீடு. தேடுதளம் தன் விதிகளை மாற்றியிருந்தது. மறைத்து எழுதுவதைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டு, அப்படி எழுதிய தளங்களையெல்லாம் தூக்கி வெளியே எறிந்திருந்தது. படகு வீடு விடுகிற ஒரு கேரளாக்காரர், பனியன் விற்கிற ஒரு திருப்பூர்க்காரர், ஊர் பேர் தெரியாத நூறு சின்னக் கடைக்காரர்கள், போன வாரம் வரை வந்த ஆர்டர் நின்றுவிட்டது என்று புலம்பிக்கொண்டிருந்தார்கள். தன் தளமும் காணோம் என்று அமெரிக்க ஞானியும் அழுதுகொண்டிருந்தார். அதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைத்ததை மறைப்பதற்கில்லை.

புதிய விதிகளை உட்கார்ந்து படித்தேன். சுற்றி வளைத்து அவர்கள் சொன்னது இவ்வளவுதான்: தேடி வருகிற மனிதருக்கு உபயோகமானதை எழுது, மெஷினுக்காக எழுதாதே. படித்தபோதுதான் உறைத்தது. மாமாவின் தளம் முழுவதிலும் மாடு வளர்க்கிற ஒருவருக்கு உபயோகமான வரி ஒன்றுகூட இல்லை. மாடு வாலாட்டியதைத் தவிர.

மறுபடி உசிலம்பட்டிக்குப் போனேன். வாசலில் என்னைப் பார்த்ததும் மாமாவின் கண் தானாகக் கம்ப்யூட்டரைப் போர்த்தியிருந்த துணிக்குப் போனது.

"மாமா, இன்டர்நெட்டப் போடாதீங்க. கொஞ்ச நாளைக்கு என்னைய இந்த போன் பக்கத்துல உக்கார விடுங்க."

"போன் எடுக்கவா எம்.சி.ஏ. படிச்ச?"

"ஆமா."

லைன் காலியாக இருந்ததால் போன் அடித்தது. நிஜமான ஆட்கள், நிஜமான கேள்விகள். எந்த மோட்டார் தாங்கும்? ஈரத்தட்டை போட்டால் சிக்குமா? வீட்டுக் கரண்டில் ஓடுமா? மாமா சத்தமாகப் பதில் சொல்லச் சொல்ல நான் அடித்துக்கொண்டே இருந்தேன். ஒருவர், தன்னிடம் ஒரு மாடு இருப்பதாகவும் பெரிய மெஷினே வேண்டும் என்றும் சொன்னார்.

"ஒத்த மாட்டுக்கு எதுக்கய்யா மெஷினு?" என்றார் மாமா. "அருவாள எடுத்து வெட்டிப் போடுய்யா. இன்னும் நாலு மாடு வாங்கிட்டு வா, அப்பப் பேசுவோம்."

அதையும் அடித்தேன். அதை அடிக்கும்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. தளத்தில் புதிதாக ஒரு பக்கம் சேர்த்தேன். தலைப்பு: 'இந்த மெஷின் யாருக்கு வேண்டாம்'. ஒரு மாடு வைத்திருப்பவருக்கு வேண்டாம். அடிக்கடி இடம் மாற்றுகிறவருக்கு வேண்டாம், இது கனம். வெட்டிய அன்றே ஈரத்தோடு போடுகிறவருக்கு வேண்டாம், அரை நாள் வாடவிடாவிட்டால் இந்த மெஷினும் சிக்கும்.

படித்துக் காட்டியதும் மாமா பதறிப்போனார். "கிறுக்கா புடிச்சிருக்கு ஒனக்கு? வேண்டாம்னு எழுதி எவனாச்சும் ஏவாரம் பண்ணுவானா?"

"போன்ல நீங்கதான மாமா சொன்னீங்க."

"போன்ல சொன்னது ஒருத்தன்ட்ட. இது ஊருக்கே தண்டோரா போடுறது."

அடுப்படியிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "மறைச்சு எழுதி என்ன வாழ்ந்துச்சு? வெளிப்படையா எழுதித்தான் பாப்பமே." சொல்லிவிட்டு வெளியே வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பங்குக்கும் ஒன்று எழுதச் சொன்னார். முந்தானையை இழுத்துச் சொருகாமல் பொம்பளைங்க யாரும் மெஷின் பக்கம் போகக்கூடாது, பெல்ட் இழுத்துவிடும். எழுதினேன். மாமா தலையாட்டிவிட்டார். அத்தை பேசத் தொடங்கியதே அவருக்குப் பெரிய காரியமாக இருந்தது.

எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை எழுதினேன். தமிழில் எவன் தேடப்போகிறான் என்று பிரவுசிங் சென்டர்காரர் சிரித்தார். பல கம்ப்யூட்டர்களில் தமிழ் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது. ஆனால் எழுத்து தெரிகிற கம்ப்யூட்டரில் யாராவது ஈரத்தட்டையைப் பற்றித் தமிழில் கேட்டால், பதில் சொல்ல உலகத்தில் நாங்கள் மட்டும்தான் இருந்தோம். வாலாட்டும் மாட்டை எடுத்தேன். மாலையை எடுத்தேன். கவுண்டரையும் எடுத்தபோது மாமா கொஞ்சம் துக்கப்பட்டார். பிறகு தேடுதளத்துக்கு, ஒளித்துவைத்ததையெல்லாம் நீக்கிவிட்டேன், தயவுசெய்து திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதி அனுப்பினேன்.

பதில் வரவில்லை. தினமும் மாமாவின் பெயரை அடித்துப் பார்ப்பேன். கும்பாபிஷேகம்தான் வரும். மழை வந்தது. ஷெட்டுக்கு வெளியே நின்ற மெஷின்களுக்கு அத்தை பழைய சேலையெல்லாம் போர்த்தினார். அப்பா தலையணைப் பக்கம் வைத்த புத்தகத்தை எடுத்துச் சதவீதக் கணக்குகூடப் போட்டுப் பார்த்தேன்.

பிறகு ஒரு காலையில் பெயரை அடித்தேன். கும்பாபிஷேகத்துக்கு மேலே மாமா இருந்தார். அடுத்து 'தட்டை வெட்டும் மெஷின்' என்று தமிழில் அடித்தேன். முதல் ஆளாக மாமா. பஞ்சாப்காரரைக் காணவே காணோம்.

தர்மபுரியிலிருந்து ஒருவர் கூப்பிட்டு வாங்கினார். நாமக்கல்லிலிருந்து ஒருவர். "என்னென்ன ஆகாதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. எனக்கு ஆகும்போல இருக்கு, ஒண்ணு அனுப்புங்க" என்றார் அவர். அதன் பிறகு ஒரு நாள் நான் பட்டறையில் இருக்கும்போது ஒரு மெல்லிய குரல் கூப்பிட்டது.

"பண்ணையில வடக்கத்தி மெஷின் வாங்கிப் போட்டோம். தெனமும் சிக்குது. ஏன்னு தேடுனா உங்க பக்கம் ஒண்ணு வந்துச்சு, அதுல இந்த நம்பர் மட்டுந்தான் இருந்துச்சு. ஈரமா போட்டா உங்க மெஷினும் சிக்கும்னு நீங்களே எழுதியிருக்கீங்களே?"

"சிக்கத்தான் சார் செய்யும். வாடவிட்டுப் போட்டா சிக்காது."

சிரித்தார். "எந்த ஊரும்மா?"

"உசிலம்பட்டி சார்."

"பேரையூர் ரோடா?"

"ஆமா சார்." எனக்கும் குரல் அடையாளம் தெரிந்துவிட்டது.

"இப்பவும் அடியில ஏதாச்சும் எழுதிவச்சிருக்கீங்களா?"

"இல்ல சார். இழுத்துப் பாருங்க."

அந்தப் பக்கம் மௌஸ் சத்தம் கேட்டது. இழுத்தார். மறுபடி இழுத்தார். "ஒண்ணும் இல்ல," என்றார். லேசான ஏமாற்றம் தெரிந்தது.

அடுத்த வாரம் டாக்டர் லாரியோடு வந்தார். இந்த முறை டீ குடித்தார். இரண்டாம் கப் கேட்டு வாங்கியும் குடித்தார். ஷெட் காலியானது, வேப்பமரத்தடி காலியானது, அத்தை துணி காயப்போட்டார். வேலை பார்த்தவர்களுக்கு மத்தியானத்துக்கு மேல் பேப்பர் படிக்க நேரமில்லாமல் போனது. மாமா மேலும் ஆள் சேர்த்தார்.

எனக்கும் காலம் பிறந்தது. தேடுதளம் அதோடு விடவில்லை, அவ்வப்போது விதியை மாற்றிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் மதுரையில் பல கடைகளின் தளம் விழும், என் அறை வாசலில் செருப்புகள் சேரும். மாசி வீதியில் பட்டுச்சேலைக் கடை வைத்திருந்த சௌராஷ்டிரா சகோதரர்கள் ஒருமுறை வந்தார்கள். இணைப்பு கூடினால் தேடுதளம் மேலே வைக்கும் என்று நம்பி, யாருக்கோ காசு கொடுத்து வெளிநாட்டு மாத்திரைத் தளங்களிலிருந்தெல்லாம் தங்கள் கடைக்கு இணைப்பு வாங்கிவைத்திருந்தார்கள், விதி மாறியதும் கடையே காணாமல் போயிருந்தது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர்கள் பாஷையில் தங்களுக்குள் நெடுநேரம் சண்டை போட்டார்கள். கடைசியில் பெரியவர் திரும்பி, தமிழில், "சரிம்மா, சாயம் போற சேலை எதுன்னும் எழுதிருவோம்" என்றார். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வெளியூரிலிருந்தெல்லாம் கல்யாணச் சேலை எடுக்க வந்தார்கள். நாகமலையிலிருந்து டவுனுக்கு அறையை மாற்றினேன். பலகையைப் பார்த்து உள்ளே வருகிறவர்கள் ஜெராக்ஸ் கேட்பதை நிறுத்தினார்கள்.

மாமாவுக்குத்தான் தலை கால் புரியவில்லை. 'யாருக்கு வேண்டாம்' பக்கம் தன் சொந்தக் கண்டுபிடிப்பு என்றே நம்ப ஆரம்பித்தார். அதை மெஷினோடு நிறுத்திக்கொள்ளவும் இல்லை. எனக்கு மாப்பிள்ளை பார்த்து, திருமங்கலத்திலிருந்து பெண் பார்க்க வந்திருந்தார்கள். அம்மா என் அருமை பெருமைகளைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது மாமா தொண்டையைக் கனைத்தார்.

"நல்லதெல்லாம் என் தங்கச்சி சொல்லிட்டா. இந்தப் புள்ள யாருக்கு வேண்டாம்கிறத நான் சொல்லிப்புடுறேன்."

அம்மாவின் கையிலிருந்த தட்டு சாய்ந்தது.

"சூடா காப்பி கேக்குறவுகளுக்கு வேண்டாம். இவ போட்டா ஆறித்தான் வரும். கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துட்டா வீடு தீப்புடிச்சாலும் தெரியாது, அதுனால அடுப்ப நம்பி விடுறவுகளுக்கும் வேண்டாம். தப்புப் பண்ணிட்டா ஊருக்கே கேக்குற மாதிரி அழுவா. அழுது முடிச்சுத் திரும்பி வந்து அதச் சரிபண்ணாம விடமாட்டா. அந்தப் பிடிவாதம் தாங்காதவுகளுக்கும் வேண்டாம்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கத்தால் அல்ல, மாமாவைப் பார்த்தால் கண் கலங்கிவிடும் என்பதால். மாப்பிள்ளை தன் முன்னாலிருந்த காப்பியை எடுத்து ஒரு வாய் குடித்தார். நான் போட்டதுதான்.

"ஆறித்தான் இருக்கு," என்றார். மிச்சத்தையும் குடித்து முடித்தார்.

இப்போது எங்கள் சொந்தத்தில் எந்தச் சம்பந்தம் பேசினாலும், காசிமாயன் மாமா வந்து யாருக்கு வேண்டாம் என்று சொன்னால்தான் தட்டு மாற்றுகிறார்கள். எங்கள் வீட்டில் சண்டை வந்தால் என் கணவர் குரலை உயர்த்துவதில்லை. "எனக்கென்ன, எல்லாத்தையும் படிச்சுப் பாத்துட்டுத்தான வாங்குனேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். ஒருமுறை சண்டை முற்றிப்போய் நேராக மாமாவுக்கே போன் போட்டு, திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

"பிளேடு தேஞ்சிருந்தா மாத்தித் தருவோம் மாப்ள," என்றது மாமாவின் குரல். "அவ சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. அது இன்னும் தேயலயே."